ஏழு மைல் வடக்கே

ஐஸ் ஆலையின் மாடியைக் காற்றாலைக் கம்பெனி வாடகைக்கு எடுத்ததிலிருந்து கீழே ஓர் உலகம், மேலே ஓர் உலகம். கீழே வழக்கம்போல ஐஸ் கட்டிகளைக் கம்பியால் குத்தி உடைப்பார்கள், மீன் பெட்டிகளைத் தரதரவென்று இழுப்பார்கள், காது கூசுகிற வார்த்தைகளால் ஒருவரையொருவர் பாசமாகக் கூப்பிட்டுக்கொள்வார்கள். மேலே போனால் கண்ணாடிக் கதவு, ஏசி, சக்கரம் வைத்த நாற்காலி. அங்கே தும்முகிறவர்கள்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தும்முவார்கள். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே இருபத்திரண்டு படிகள். அதில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குகிறவள் டீக்காரம்மா ஒருத்திதான்.

மாடியைப் பெருக்கித் துடைப்பது, நான்கு வேளை டீ போடுவது, தம்ளர் கழுவுவது அவள் வேலை. அவள் வீட்டுக்காரருக்கும் அதே கம்பெனியில்தான் பிழைப்பு. முன்னே மீன் பிடித்த அதே படகில் இப்போது ஆரஞ்சுக் கொடி கட்டிக்கொண்டு கடலில் காவல் நிற்கிறார். அளவெடுக்கிற கப்பல் போகும் வழியில் வேறு படகு வந்தால் கையை ஆட்டித் துரத்த வேண்டும். நேற்றுவரை கூடவே வலை போட்டவர்களைத் துரத்துகிற உத்தியோகம். ஆகவே துறைமுகத்தில் அவரோடு பேச்சு வார்த்தை வைத்திருப்பவர்கள் குறைவு.

கடலுக்குள் நூற்றுப்பன்னிரண்டு காற்றாலைகள் வரப்போகின்றன. வருகிற விதத்தைக் காட்டுவதற்காகச் சுவர் அகலத்துக்கு ஒரு படம் ஒட்டி ஒரு நாள் கூட்டம் போட்டார்கள். தொடுவானம் முழுக்க வெள்ளைக் கம்பங்கள். "இந்தக் கடற்காட்சி மாறினா உங்க மனசுக்கு எப்படி இருக்கும்?" என்று மேனேஜர் பரிவோடு கேட்டார். வலை இழுக்கிற வின்ச் ஓட்டுகிற கிழவர் எழுந்து, "எங்க வீட்டு ஜன்னல்ல கடல் எங்க சார் தெரியுது? பக்கத்து வீட்டுக்காரன் குளிக்கிறதுதான் தெரியுது. அத மறைக்க ஒரு கம்பம் நடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லோரும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கலங்கரை விளக்கத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கோட்டில் வைத்துத்தான் அவர்கள் கடலில் இடம் கண்டுபிடித்தார்கள். அந்தக் கோடு கடலுக்குள் போகிற வழி படத்தில் கம்பங்களுக்குள் காணாமல் போயிருந்தது. அதைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் கேட்கவில்லை, மீன் பிடிப்பவர்களும் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை டீத்தட்டோடு கடைசி அறைக்குப் போனபோது பழங்கப்பல் பொண்ணு தரையில் உட்கார்ந்து ஒரு பெரிய பழுப்பு நிறப் படத்தை விரித்துக்கொண்டிருந்தாள். கடலுக்கடியில் பழைய பொருள் ஏதாவது கிடந்தால் அது சேதமாகாமல் பார்த்துக்கொள்ளக் கம்பெனி வைத்திருந்த தொல்லியல்காரி அவள். படித்த பட்டங்களை யாராலும் சொல்ல முடியாததால் துறைமுகம் அவளுக்கு இப்படி ஒரு பெயர் வைத்துவிட்டது.

"என்ன பாப்பா, காப்பியக் கொட்டிட்டியா?"

"ஐயோ, இல்லம்மா. இது கடலோட தரை. மேல இருந்து சத்தத்த அனுப்பி, அது தரையில பட்டுத் திரும்பி வர்றத வச்சு எடுத்த படம். அதான் இந்தக் கலரு. இங்க பாருங்க, என்னோட கப்பல்."

"உன் கப்பலா? எப்ப வாங்கின?"

அவள் சிரித்தாள். "முந்நூறு வருஷமாவது இருக்கும்மா. சரக்குக் கப்பல். இந்த வரி வரியாத் தெரியுதே, அதெல்லாம் விலாக்கட்டை. இது ஓடு, இது பானை. ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினது அடுக்கின மாதிரியே இருக்கு. நான் எழுதினதுல கம்பெனியே பயந்துபோய் நூத்தம்பது மீட்டருக்கு வட்டம் போட்டுட்டாங்க. அதுக்குள்ள ஒரு ஆணி இறங்கக் கூடாது."

டீக்காரம்மா குனிந்து பார்த்தாள். மீனைத் தின்றுவிட்டுத் தட்டில் வைத்த முள் மாதிரி இருந்தது கப்பல். சிவப்பு வட்டம் அழகாக அதைச் சுற்றியிருந்தது. வட்டத்துக்கு வெளியே, படத்தின் ஓரத்தில், இன்னொன்று கிடந்தது. சின்னது. ஒருக்களித்துப் படுத்திருந்தது.

"இது?"

"அது ஒண்ணுமில்ல. ஏதோ சின்னப் படகு, இந்தக் காலத்துது. சரியா காத்தாலைக் கரண்டு கேபிள் போற வழியில கிடக்கு. திங்கக்கிழமை கொக்கிக் கப்பல் வருது, அள்ளிடுவாங்க."

"அள்றதுன்னா?"

"பெரிய இரும்பு நகம் இருக்கும்மா. இறக்கி, கவ்விப் பிடிச்சு, மேல தூக்கிக் காயலான் கடைக்கு அனுப்பிடுவாங்க. நொறுங்கினா நொறுங்கட்டும்னு விட்டுடுவாங்க, அது குப்பைக் கணக்குதானே."

படகின் சுக்கான் அறை நடுவில் இல்லாமல் இடது பக்கமாக ஒதுங்கியிருந்தது. உலகத்தில் எந்தப் படகுக்கும் அப்படி இருக்காது. வின்ச்சுக்கு இடம் வேண்டும் என்று அறையை அரை ஆள் அகலம் தள்ளி வைக்கச் சொன்னபோது தச்சன் தலையில் அடித்துக்கொண்டான். துறைமுகமே அந்தப் படகைக் 'கோணல்' என்றுதான் கூப்பிட்டது. தள்ளி வைக்கச் சொன்னவன் டீக்காரம்மாவின் தம்பி.

அவள் தட்டை மேஜையில் வைத்தாள். நல்லவேளை, டீ சிந்தவில்லை.

பதினேழு வருடம் ஆகிறது. அப்போது அவள் வீட்டுக்காரரும் தம்பியும் கோணலில்தான் சேர்ந்து தொழில் செய்தார்கள்; இப்போதிருக்கும் படகு பிறகு வாங்கியது. அன்றைக்கு வீட்டுக்காரருக்குப் பல்வலி, கன்னம் வீங்கிவிட்டது. "நீ படு மாமா, நான் போயிட்டு வந்துடறேன்" என்று தம்பி ஒற்றை ஆளாகப் போனான். மதியம் மூன்று மணிக்கு அவன் குரல் ரேடியோவில் வந்தது. தண்ணீர் ஏறுகிறது என்றான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தேடுகிற படகுகள் மூன்று, ஒரு ஹெலிகாப்டர், இரண்டு நாள். ஒரு மரத்துண்டுகூடக் கிடைக்கவில்லை. அவளுடைய அம்மா எட்டு மாதம் கரைக்கு வந்து நின்றுவிட்டு, பிறகு படுத்தாள், எழுந்திருக்கவில்லை. கடல் பெரியது, அகப்படவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். டீக்காரம்மாவும் கடலைத் திட்டித் தீர்த்துவிட்டு ஒருவழியாக ஓய்ந்திருந்தாள்.

"பாப்பா, இது எந்த இடம்? நம்பர் சொல்லுவியே, அதச் சொல்லு."

பழங்கப்பல் பொண்ணு வாசித்தாள். அட்சரேகையில், அதாவது வடக்குக் கணக்கில், கடைசியில் நாற்பத்தைந்து.

டீக்காரம்மாவுக்கு நம்பர் புரியும். மாமனாரின் நோட்டு ஒரு தடவை தண்ணீரில் நனைந்துபோக, அதைப் புது நோட்டில் அப்படியே எழுதிக் கொடுத்தது அவள்தான். மீன் அண்டுகிற இடங்கள் மொத்தம் நாற்பத்துமூன்று. பதினோராவது வரி, 'கப்பல்'. அவர்கள் குடும்பத்து ரகசியங்களிலேயே பெரிய ரகசியம். கப்பல் கிடப்பதால் மீன் அங்கே மொய்க்கும். அந்த வரியில் கடைசி எண் ஐம்பத்திரண்டு. தம்பி காணாமல் போனபிறகு துறைமுக அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்திலும், 'தேடுதல் நடந்த இடம்' என்று, அதே ஐம்பத்திரண்டு. அந்தக் கடிதத்தை அவள் எத்தனை தடவை படித்திருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

"இந்த நம்பர்ல ஒண்ணு கூடினா எவ்வளவு தூரம் பாப்பா?"

"ஒரு மைல்மா."

"ஏழு கூடினா?"

"ஏழு மைல் வடக்க. ஏம்மா?"

"சும்மாதான். இந்தப் படகுல ஆள் யாராவது இருந்தா?"

பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். "அப்படி எதுவும் பதிவுல இல்லையேம்மா. இந்த இடத்துல படகு மூழ்கினதாவே பதிவு இல்ல. நூறு வருஷம் ஆகியிருந்தா நானே என் கணக்குல சேர்த்திருப்பேன்."

"பதினேழு வருஷம் பத்தாதா?"

"பத்தாதும்மா."

செத்து முந்நூறு வருடம் ஆகியிருந்தால் வட்டம், வரலாறு, மரியாதை. பதினேழு வருடம் என்றால் குப்பை. முகம் தெரியாத மாலுமிகளுக்கு இருக்கிற யோகம் கூடப்பிறந்தவனுக்கு இல்லை.

"யாராவது இடம் தெரிஞ்சவங்க, இது இன்ன படகு, இன்னார் இதுல போயிட்டார்னு எழுதிக் கொடுத்தா வேற" என்றாள் பொண்ணு, மெதுவாக. "அப்ப அது சமாதி. அன்னைக்கே வட்டம் போட்டுடலாம். கேபிளை நூறு மீட்டர் வளைச்சுக் கொண்டுபோவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும், அவ்வளவுதான்."

டீக்காரம்மா எல்லா அறைக்கும் டீ கொடுத்தாள். தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அழுவதற்கு முன்னால் கையிலிருக்கிற வேலையை முடித்துவிடுவது அவள் பழக்கம். முடித்தபிறகு பார்த்தால் அழுகை வரவில்லை. வேறு என்னவோதான் வந்தது.

காற்று அதிகமாக இருந்ததால் வீட்டுக்காரர் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, ரேடியோப் பெட்டியைப் பிரித்துப்போட்டு, பல்துலக்குகிற பிரஷால் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"நோட்டுல இருக்கிற நம்பர் எல்லாம் பொய்யா?"

பிரஷ் நின்றது. "என்ன இது, வந்ததும் வராததுமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எல்லாத்துலயும் ஏழு கூட்டி எழுதியிருக்கா?"

"யார் சொன்னது?"

"கோணலைப் படத்துல பார்த்தேன். கப்பல் பக்கத்துல படுத்திருக்கு."

அவர் பிரஷைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். மறுபடியும் பிரஷை எடுத்தார்.

"எங்கப்பா ஏற்பாடு அது. நோட்டை எவனாவது திருடினா வெறும் தண்ணியிலதான் போய் நிப்பான். ஏழக் கழிக்கணும்னு எங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு, அப்பாவுக்கு. அப்புறம் உன் தம்பிக்குச் சொன்னேன்."

"எழுதிக் கொடுத்த எனக்குச் சொல்லல."

"பொம்பளைங்க நாலு பேரோட பேசிப் பழகற ஆளுங்க. வாய் தவறிடும்."

"பதினேழு வருஷமா உங்களுக்கு வாய் தவறவே இல்ல. கெட்டிக்காரர்தான்." அவள் குரல் ஏறவில்லை. "அன்னைக்குத் தேடப் போனவங்களுக்கு எந்த நம்பரைச் சொன்னீங்க?"

அவர் கன்னத்தைத் தடவினார், பல்வலி இன்றைக்கும் இருப்பதுபோல.

"பதட்டத்துல நோட்டைப் பார்த்து அப்படியே படிச்சிட்டீங்களா? அப்படித்தான்னு சொல்லுங்க. நம்பிடறேன். சத்தியமா நம்பிடறேன்."

சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவ்வளவு ஆசை அவளுக்கு. ஆனால் மனிதர் ஒரு மாதமாக அந்த இடத்துக்கு மேலேயே படகை நிறுத்திக் காவல் நிற்கிறார். அந்தத் தண்ணீரின் மேல் உட்கார்ந்துதான் அவள் கட்டிக் கொடுத்த மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். இதற்கு மேலும் சுமக்க அவரால் முடியவில்லை போலிருக்கிறது.

"துறைமுக ரேடியோ ரூம்ல பத்து பேர் நின்னுட்டிருந்தாங்க" என்றார். "எல்லாப் படகுக்காரனும். எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு. நிஜ நம்பரைச் சொன்னா மறுநாள் காலையில கப்பல் மேல முப்பது வலை விழும். முப்பது வருஷம் எங்கப்பா காத்த இடம்."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல, கேளு. நீரோட்டம் வடக்க ஓடிட்டிருந்துச்சு. உன் தம்பி நல்லா நீந்துவான், மிதவை கையில இருக்கும். இவங்க போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அவனே அடிச்சிட்டு ஏழு மைலும் வந்துடுவான்னு கணக்குப் போட்டேன். நேரா அவன் தலைமேலதான் போய் நிப்பாங்கன்னு நெனச்சேன். ஆண்டவன் சாட்சியா அப்படித்தான் நெனச்சேன்."

"ரெண்டு மணி நேரத்துல ஏழு மைலு?"

மீன் பிடிக்கத் தெரிந்த யாருக்கும் அது ஆகாத கணக்கு என்று தெரியும்.

"நீரோட்டம் ஓடுச்சா?"

"நாலரைக்குத் திரும்பிடுச்சு."

"திரும்பினது தெரிஞ்சதும் போய்ச் சொன்னீங்களா?"

"அப்ப எப்படிடி சொல்றது? மொதல்ல ஏன் சொல்லலன்னு கேப்பாங்களே."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். டீக்காரம்மா மேஜையில் பரப்பியிருந்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும், அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான், ஹெலிகாப்டர் சத்தம் தூரத்தில் கேட்டிருக்குமா என்றெல்லாம் ஓடியது. கேட்டிருக்கும். ஏழு மைல் என்றால் கேட்டிருக்கும்.

"அவனே சொல்லலையே" என்றார் வீட்டுக்காரர். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "யோசிச்சுப் பாரு. ரேடியோல என்ன சொன்னான்? 'மாமா, கப்பல்கிட்ட இருக்கேன்'னான். நம்பரைச் சொன்னானா? எல்லாருக்கும் கேக்கும்னு அவனும்தானே சொல்லல? தண்ணி இடுப்பளவு ஏறும்போதும் அவன் காப்பாத்தினான். அத நான் விட்டுக் கொடுக்கறதா?"

"அவன் நம்பரைக் காப்பாத்தினான்" என்றாள் அவள். "ஏன்னா உங்களுக்குத் தெரியும்னு நம்பினான். கழிச்சுச் சொல்லுவீங்கன்னு நம்பினான். இருபத்தாறு வயசு அவனுக்கு."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அவளுக்கு அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. கல்யாணமான முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக அப்படித் தோன்றவில்லை.

"திங்கக்கிழமை அள்ளப் போறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயத் திறக்கல."

"எடுத்துட்டா நல்லதுன்னு நெனச்சேன்" என்றார் விரல்களுக்குள்ளிருந்து. "அங்க ஒண்ணும் இல்லாம போயிட்டா எனக்குத் தூக்கம் வரும்னு நெனச்சேன்."

அவள் எழுந்து போய், காலையில் ஊறப்போட்ட துணிகளைத் துவைத்தாள். அவருடைய சட்டைகளையும் சேர்த்துத்தான். அவற்றைத் தனியாக எடுத்து வைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பழக்கதோஷம், கை தானாகத் துவைத்துவிட்டது. வியாழக்கிழமை முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இருட்டுகிற நேரத்தில், "நாளைக்கு என்கூட ஆபீசுக்கு வரீங்க" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அவள் லீவு சொல்லியிருந்ததால், வெள்ளிக்கிழமை மாடிக்குப் போனபோது இன்னொருத்தி டீ போட்டுக்கொண்டிருந்தாள். பழங்கப்பல் பொண்ணு இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லாத வீட்டுக்காரர் பின்னால் நகர்ந்து போய், மேஜையைப் பிடித்துக்கொண்டார். பொண்ணு அவர் முகத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதிரி புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்மா. எனக்கு உங்க விஷயம் எதுவும் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம். இதுல ரெண்டு விதம் இருக்கு. தெரியாம இடம் மாறிப் பதிவாயிடுச்சுன்னா அது திருத்தம். நானே முடிச்சிடுவேன். மத்தியானத்துக்குள்ள வட்டம் போட்டுடலாம்."

"இன்னொண்ணு?"

"தெரிஞ்சே யாராவது தப்பான இடத்தைச் சொன்னாங்கன்னா அது போலீஸ் கேஸ். என் கையில இருக்காது. அப்ப படகு சாட்சியப் பொருள். அவங்களே மேல தூக்குவாங்க. உள்ள இருக்கிறத... இருக்கிறத எல்லாம் எடுத்துப் பெட்டியில போட்டு, நம்பர் ஒட்டி, வழக்கு முடியற வரைக்கும் வச்சிருப்பாங்க. எத்தனை வருஷமோ."

கீழே ஐஸ் உடைகிற சத்தம் கேட்டது.

உண்மையைச் சொல்லிவிடத்தான் டீக்காரம்மா வந்திருந்தாள். இரண்டு நாளாக ஒவ்வொரு வார்த்தையையும் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். செத்துப்போன அம்மாவின் பேரையும் அதில் சேர்க்க நினைத்திருந்தாள். எந்த ஊரில் என்ன சட்டம் எழுதினார்களோ, இவ்வளவு கச்சிதமாக அவள் வாயை அடைக்க. சொன்னால் தம்பியைப் பிரித்துப் பெட்டியில் போடுவார்கள். சொல்லாவிட்டால் இந்த மனிதர் தப்பித்துக்கொள்வார்.

"வீட்டுக்காரருக்கு எழுத்து நல்லா இருக்காது" என்றாள். "நான் எழுதறேன்."

படகின் பெயர், அடையாளம், மூழ்கிய தேதி, அதில் இருந்தவர் என்று வரிசையாக நிரப்பினாள். தம்பியின் பெயரை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. இடத்தின் நம்பரைச் சரியாக எழுதினாள், நாற்பத்தைந்து. அடுத்த கட்டத்தில், 'இடம் தவறாகப் பதிவானதற்குக் காரணம்' என்று இருந்தது. இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன எழுதப் போற?" என்றார், பொண்ணுக்குக் கேட்காத குரலில்.

அவள் எழுதினாள். 'பதற்றத்தில் எண்ணைத் தவறாகப் படித்துச் சொல்லிவிட்டார். தவறு நடந்தது இன்றுவரை அவருக்குத் தெரியாது.'

படித்துவிட்டு அவர் மூச்சு விட்டார். நீளமான மூச்சு, பதினேழு வருடமாக அடக்கி வைத்திருந்தது. அந்த மூச்சை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. பேனாவை வாங்கி, கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டார்.

"அவ்வளவுதானா பாப்பா?"

"ஒரு சாட்சி வேணும்மா" என்றாள் பொண்ணு, தாளைத் திருப்பி. "இறந்தவரோட ரத்த சொந்தம் யாராவது, மேல எழுதினது எல்லாம் உண்மைன்னு. யார் இருக்காங்க?"

யார் இருக்கிறார்கள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பா அதற்கும் முன்னால். டீக்காரம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேலே எழுதியவை அனைத்தும் தான் அறிந்தவரை உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில், இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த சின்னக் கட்டத்தில், 'அக்கா' என்று எழுதினாள்.